முத்தலிபு வாங்கிய வானம்

பாலாவிச் சந்தியில் மொத்தக் கருவாட்டு வியாபாரம் செய்யும் முத்தலிபுவுக்கு இரண்டு கீர்த்திகள் உண்டு. முதலாவது உண்மையானது. கட்டாக் கருவாட்டின் வயிற்றில் பெருவிரலை ஒரு தரம் அழுத்தினாரென்றால் அது எத்தனை வெயில் கண்டது, உப்புப் போட்டவனின் கை தாராளமா கஞ்சமா, முள்ளோரம் ஈரம் நிற்கிறதா என்பதைச் சொல்லிவிடுவார். கற்பிட்டிப் பக்கத்திலிருந்து வரும் லொறிக்காரர்கள் அந்தப் பெருவிரலுக்கு அஞ்சுவார்கள். இரண்டாவது கீர்த்தி, பெருநாளுக்கு யாருக்கு என்ன கொடுப்பது என்று பார்த்து எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது. அதைப் பரப்பியவர் அவரேதான்.

பள்ளியில் பாங்கு சொல்லும், காது மந்தமான முஅத்தினுக்கு மணிக்கொரு தரம் குயில் கூவும் சுவர்க்கடிகாரம் எடுத்துக் கொடுத்தவர் அவர். நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பாடசாலை அதிபருக்கு ஐந்தடுக்குச் சொக்லேட் பெட்டி. பாலைவன நாடான கட்டாருக்கு வேலைக்குப் போகவிருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு, நுவரெலியாக் குளிரிலேயே வியர்க்க வைக்கும் கம்பளிச் சட்டை. வாங்கியவர்கள் எல்லோரும், "அல்ஹம்துலில்லாஹ், ஹாஜியார், நல்லாயிரிக்கி" என்றார்கள். மூன்று பெட்டிகளும் மூன்று அலுமாரிகளின் தலையில் ஏறி உட்கார்ந்தன. பெருநாள் சாமானைக் குறை சொன்னால் கொடுத்தவரின் மனம் நோகும் என்று ஊரார் வாயை மூடிக்கொண்டது நல்ல பண்புதான். ஆனால் முப்பது வருடமாக எல்லோரும் சேர்ந்து காத்த அந்த நல்ல பண்பு ஒரு மனிதனை முழு மடையனாக்கிவிட்டது.

அவருடைய முறை ஒன்றே ஒன்று. கருவாட்டை எப்படி எடுப்பாரோ அப்படியே பரிசையும் எடுப்பார். கடையில் பெட்டியைக் கையில் வாங்கி, தூக்கிப் பார்த்து, பெருவிரலால் அழுத்துவார். பெட்டி அமுங்காமல் கனமாக இருந்தால் சாமான் நல்லது. மினுங்கினால் இன்னும் நல்லது. உள்ளே இருப்பதைவிடப் பெட்டி மூன்று மடங்கு பெரிதாக இருந்தால் அதுதான் மரியாதை. அதை யார் வாங்கப் போகிறார், அவருக்கு என்ன பிடிக்கும் என்ற கேள்வி இந்த முறையில் எங்கேயும் வராது. கருவாட்டுக்கும் அப்படியொரு கேள்வி இல்லையே.

இவருடைய தங்கை பளீலா. பளீலாவின் கணவர் வெளிநாட்டில் வாகனம் ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். ஆகவே அந்த வீட்டின் நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நிற்பவர் முத்தலிபு. யாரும் நிற்கச் சொல்லாவிட்டாலும் நிற்பார். பளீலாவின் ஒரே மகள் றிஸ்மினா, இருபத்தாறு வயது. பாலாவியில் ஓர் உப்பளத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாத்திப் பாத்தியாக உப்புத்தண்ணீர் எடுத்து, கண்ணாடி மானியை மிதக்கவிட்டு, உப்புச் செறிவு எத்தனை பாகை என்று பார்த்து எழுதுவது அவள் தொழில். அரைப் பாகை பிழைத்தாலும் திரும்ப எடுப்பாள். மாமாவின் பெருவிரலைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து இருந்தது. அதை அவள் வீட்டில் சொல்வதில்லை.

றிஸ்மினாவைப் பார்க்க வந்தவன் பள்ளிவாசல்துறையைச் சேர்ந்த ரிஃபாஸ். கடலுக்குப் போகும் நூஹுவின் மகன். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் மின்சார வேலை. முன்னறையில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, முத்தலிபு அவனைப் பரிசோதித்தார்.

"வேல முடிஞ்சா என்ன செய்யிற, தம்பி?"

"வாசிப்பன். விஞ்ஞானக் கதைகள்."

"ஓ! ஏலியன் வாற கதை!" முத்தலிபு தொடையில் தட்டிச் சிரித்தார். "பாதகமில்ல, கலியாணம் முடிச்சா எல்லாம் சரியாகிடும்."

தேத்தண்ணியோடு வந்த றிஸ்மினா கோப்பையை நீட்டியபடி, "என்ன கதை?" என்று கேட்டாள். பெண் கேட்கக்கூடிய கேள்வி அது இல்லை, ஆனால் கேட்டுவிட்டாள். ரிஃபாஸ் சொன்னான். கடல் வற்றிப்போன ஒரு கிரகம். அந்தக் கடல் கிடந்த நிலத்தைத் தோண்டி அளக்கப் போகும் ஐந்து பேர். மூன்று பாகத்தில் வந்த மொழிபெயர்ப்பு. தோண்டத் தோண்ட அடியிலே உப்பு, அதற்கு மேலே ஜிப்சம் படிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு போனவனை அவள் இடைமறித்தாள்.

"பிழை. தலைகீழாச் சொல்லியிருக்கார். கடல் தண்ணி வத்தக்குள்ள ஜிப்சம்தான் முதல் இறங்கும். இருபத்தஞ்சு பாகைக்குப் பிறகுதான் உப்பு. அப்ப அடியில ஜிப்சம், மேல உப்பு. எழுதினவர் உப்பளத்தக் கண்ணாலயும் கண்டிருக்க மாட்டார்."

பளீலா முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டார். ரிஃபாஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"ரெண்டு பாகம் ரெண்டு தரம் வாசிச்சன், எனக்கு விளங்கல்ல. மூண்டாம் பாகத்துல திருத்தினாரோ தெரியா. அது எங்க தேடியும் கிடைக்கல்ல."

பேச்சு அவ்வளவுதான். மறுநாள் காலையில் பள்ளிவாசல்துறையிலிருந்து சம்மதம் வந்தது. தனது பேச்சுத் திறமையால்தான் அது வந்தது என்று முத்தலிபு சந்தியில் சொன்னார்.

நிக்காஹ் வரைக்கும் போன் கதை கிடையாது என்று இரண்டு வீடும் பேசிக்கொண்டன. றிஸ்மினா நினைத்திருந்தால் அவனுடைய நம்பரை நுரைச்சோலையில் யாரிடமும் வாங்கியிருக்கலாம். உம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்; கொடுத்த வாக்கிலும் அரைப் பாகை பிழைக்கவிடாத பெண் அவள். மிஞ்சியிருந்தது பெருநாள் தட்டு ஒன்றுதான்.

பேச்சு முடிந்து வரும் முதல் பெருநாளுக்குப் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குத் தட்டுப் போகும். உடுப்பு, அத்தர், தின்பண்டம், மாப்பிள்ளைக்கென்று ஒரு விசேஷமான சாமான். அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார்கள். தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது. இந்த இரண்டு குடும்பங்களின் வழக்கப்படி, திரும்பி வரும் தட்டில் சீனி இருந்தால் கேட்ட நாளில் நிக்காஹ் என்று பொருள். வாழைப்பழம் இருந்தால் இன்னும் யோசிக்கிறார்கள் என்று பொருள். வாழைப்பழம் வந்த வீட்டில் யாரும் அழுது புலம்ப மாட்டார்கள். பழத்தைத் தின்றுவிட்டு வேறு இடம் பார்ப்பார்கள்.

ஆகவே அந்த விசேஷமான சாமான்தான் றிஸ்மினா அவனுக்குச் சொல்லக்கூடிய ஒரே சொல். அவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாளா, அல்லது வாய் தவறி ஒரு நாள் புத்திசாலியாகிவிட்டாளா என்பதை அவன் அதை வைத்துத்தான் தீர்மானிப்பான். அவளுக்கு அவன் வேண்டும். பிழையைப் பிழை என்று சொன்னதற்காக அவளைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்த முதல் மனிதன் அவன்.

புத்தளம் நகரில் பழைய பேப்பர் வாங்கி, கடலை சுற்றுபவர்களுக்கு விற்கும் ஓர் இடம் இருந்தது. மூன்று சனிக்கிழமை அங்கே போய்க் குவியலைக் கிளறினாள். மூன்றாவது சனிக்கிழமை, மூன்றாம் பாகம் கிடைத்தது. அட்டையில் பாதி இல்லை. எந்த நூலகத்தினுடையது என்று தெரியாதபடி முத்திரை அழிந்திருந்தது. ஆனால் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள். பதினொரு நாளில் வாசித்து முடித்தாள். வாசிக்கும்போது பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போனாள்.

பிறகு அதை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் தட்டு அடுக்குவது மாமா. அவர் பார்க்காமல் ஒரு பேரீச்சம்பழம்கூட அதில் ஏறாது.

முத்தலிபு புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கினார். "இது என்ன, கோழி கொத்தினதா?"

"அவர் தேடித் திரியிற புத்தகம், மாமா. இதத்தான் வைக்கணும்."

"தேடுறவர் தேடட்டும். எல்லாத்தையும் நாம எடுத்துக் குடுத்திட்டா அவருக்கு என்ன வேல?"

"வேற எது எடுத்தாலும் அவருக்குப் பிடிக்காது."

"மகள், நீ உப்புத்தண்ணிய அளக்கிறவ. நான் மனுசர அளக்கிறவன். ஏலியன் கதை வாசிக்கிற ஆளுக்கு என்ன பிடிக்குமெண்டு எனக்குத் தெரியாதா?"

"அதுல ஏலியனே இல்ல, மாமா."

"ஏலியன் இல்லாத ஏலியன் கதையா?" அவர் சிரித்தார். சிரிப்பு நின்றதும் குரல் மாறியது. "பழசு என்ட தட்டுல போகாது. முடிஞ்சுது கதை."

குசினியில் பளீலா மகளிடம் காரணத்தைச் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து ஓலைக் கொட்டிலில் கிடந்தபோது, முதல் பெருநாளுக்கு லொறியில் பழைய உடுப்புகள் வந்தன. முத்தலிபுவுக்குப் பதினாலு வயது. கிடைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு தொழப் போனார். பக்கத்து வரிசையில் நின்ற உள்ளூர்ப் பையன் ஒருவன் அந்தச் சட்டையை அடையாளம் கண்டு, தன் தம்பியிடம் காட்டிச் சிரித்தான்.

"அண்டைக்கு இரிந்து அவர் பழசத் தொடமாட்டார், மகள்."

அந்தக் காயம் உண்மையானது. அதை யாரும் பகடி பண்ண முடியாது. ஆனால் காயம் பட்டவர்களுக்கெல்லாம் அதிலிருந்து புத்தி கிடைத்துவிடுவதில்லை. பிறர் தன்னைப் பார்க்காமலே தனக்கு ஏதோவொன்றைக் கொடுத்தார்கள் என்பதுதான் அன்று நடந்த அநியாயம். முத்தலிபு அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், கொடுப்பது புதுப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது மட்டும். முப்பது வருடமாக அவரும் யாரையும் பார்க்காமலே கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் புத்தளம் நகருக்குப் போனார். பரிசுச் சாமான் கடையில் நின்ற விற்பனையாளரிடம், "ஏலியன் கதை வாசிக்கிற மருமகனுக்கு ஒரு சாமான் வேணும்" என்றார். அந்த மனிதர் சளைக்காமல் எடுத்துப் பரப்பினார். மூன்று கண் உள்ள பச்சை முகம் போட்ட கோப்பை, ரொக்கெட் வடிவத்தில் பேனா வைக்கும் டப்பா, நெஞ்சில் நிலா மினுங்கும் ரீஷேர்ட். பரப்பிவிட்டு, தொழிலில் கொஞ்சம் மனச்சாட்சி மிஞ்சியிருந்த காரணத்தால், ஒரு நல்ல கேள்வியும் கேட்டார்.

"அவர் என்ன மாதிரிக் கதை வாசிக்கிறவர் எண்டு தெரியுமா, ஹாஜியார்? தெரிஞ்சா அதுக்குத் தக்க மாதிரிப் பாக்கலாம்."

"வாசிச்சதையே திரும்பக் குடுத்தா அது என்ன தம்பி பரிசு? கதையில வானத்து வெள்ளி, நட்சத்திரமெல்லாம் வருமா, வராதா?"

"வரும்தான்."

"அப்ப வெள்ளிதான் வேணும்."

கடல் கதை வாசிக்கிறவனுக்கு ஒரு கிலோ சூடைக் கருவாடு கட்டிக் கொடுப்பது போன்ற யோசனை இது. ஆனால் இதற்கும் கடையில் சாமான் இருந்தது. விண்வெளி உடுப்புப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பொம்மை லாம்பு, பப்பாசிப் பழமளவு. சுவிட்சை அழுத்தினால் தலைக் கவசத்திலிருந்து பச்சை நிறத்தில் நட்சத்திரப் புள்ளிகள் கூரையில் விழுந்து சுற்றும். இன்னொரு சுவிட்சை அழுத்தினால் ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டுப் போல ஒரு பாட்டும் வரும். பெட்டிக்குள் ஓர் ஆட்டுக்குட்டி தாராளமாகப் படுக்கலாம். முத்தலிபு பெட்டியைப் பெருவிரலால் அழுத்தினார். அமுங்கவில்லை.

"இதக் குடுங்க. சுத்த தங்கக் கலர்த் தாளும் தாங்க."

பெருநாளுக்கு மூன்று நாள் முந்தி, காலையிலேயே தட்டு அடுக்க வந்துவிட்டார். உடுக்கச் சாரம், சேர்ட், அத்தர்ப் போத்தல், கைக்கடிகாரம். நடுவிலே இன்னும் தாள் சுற்றாத லாம்புப் பெட்டி. அதைப் பார்த்த றிஸ்மினா சுவிட்சை ஒரு தரம் போட்டுப் பார்த்தாள், பாட்டைக் கேட்டாள், நிறுத்தினாள். முகம் மட்டும், மானி காட்டக்கூடாத பாகையைக் காட்டும்போது ஆகிற மாதிரி ஆகியிருந்தது.

"எப்பிடி?" என்றார் முத்தலிபு.

"கனமா இரிக்கி, மாமா."

"அதுதானே!" அவர் பெட்டியைத் தங்கக் கலர்த் தாளில் சுற்றி வைத்தார்.

பளீலா கருப்பட்டிப் பாகும் முட்டையும் சேர்த்து வட்டிலப்பம் அவித்து, கண்ணாடிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். அப்போதுதான் ஒரு குறை தெரிந்தது. லாம்புப் பெட்டியின் உயரத்துக்குப் பின்னால் வட்டிலப்பம் காணாமற் போனது. முத்தலிபு இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். வலப் பக்கமிருந்தும் பார்த்தார்.

"கிண்ணம் பள்ளத்துல கிடக்கு. எடுப்பா இல்ல. ஒரு கட்ட கொண்டா, மகள். நாலு விரல் உயரமா."

குசினியில் தேங்காய் துருவும்போது உட்காரும் பலகை இருந்தது. அடுப்பங்கரையில் ஒரு செங்கல்லும் இருந்தது. றிஸ்மினா இரண்டையும் பார்த்தாள். பிறகு தன் அறைக்குப் போய், ஏற்கெனவே பாடசாலைப் புத்தகத்துக்குப் போடுவது போல மண்ணிறத் தாளில் உறை போட்டு வைத்திருந்த மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

முத்தலிபு அதை வாங்கி, உயரம் பார்த்து, பெருவிரலால் அழுத்தினார். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம், அமுங்கவில்லை.

"ஆ, இது நல்ல கட்ட. கனமா இரிக்கி."

அது என்ன என்று அவர் பார்க்கவில்லை. மண்ணிறத் தாள் தட்டில் தெரிந்தால் மரியாதையில்லை என்று, லாம்பு சுற்றி மிஞ்சிய தங்கக் கலர்த் தாளைத் தன் கையாலேயே அதற்குச் சுற்றி, மூலைகளை மடித்து ஒட்டி, தட்டில் வைத்து, மேலே வட்டிலப்பக் கிண்ணத்தை ஏற்றினார். மறுபடி பின்னால் நகர்ந்து பார்த்துத் திருப்திப்பட்டார். முப்பது வருடத்தில் அவர் தட்டில் வைத்த ஒரேயொரு சரியான சாமான் அதுதான்; அதையும் கட்டை என்று நினைத்துத்தான் வைத்தார்.

பள்ளிவாசல்துறையில் ரிஃபாஸின் உம்மா அக்கீலா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, பாயில் உட்கார்ந்து தட்டைத் திறந்தார். சாரத்துக்கு ஒரு "ஆ", கைக்கடிகாரத்துக்கு இரண்டு "ஆ". லாம்புப் பெட்டியைத் தூக்கியபோது பெண்கள் எழுந்தே விட்டார்கள். பகல் பதினொரு மணி. வெளிச்சம் தெரியாதென்று ஜன்னல்களைச் சாத்தி, இடைவெளியில் சாரத்தைத் தொங்கவிட்டார்கள். கூரையில் பச்சைப் புள்ளிகள் சுற்றத் தொடங்கின. பாட்டும் வந்தது.

கரையிலிருந்து வந்த நூஹு கதவடியில் நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். நாற்பது வருடம் வானத்தைப் பார்த்து வள்ளம் விட்ட மனிதர்.

"எந்தக் கடலுக்கு மேல இரிக்கிற வானம் இது? ஆறாமீன் வெள்ளியக் காணல்ல. வடக்கு எது எண்டும் தெரியல்ல."

"சும்மா இரிங்க!" என்றார் அக்கீலா. "எவ்வளவு பெரிய சாமான் அனுப்பியிரிக்கிறாங்க."

"பெரிசுதான்" என்றான் ரிஃபாஸ். அன்று அவனுக்கு இரவு முறை வேலை, வீட்டில் இருந்தான். சுவரில் சாய்ந்தபடி, தன் முகத்தின் மேலால் பச்சைப் புள்ளிகள் ஓடுவதை விட்டுக்கொண்டு நின்றான். ஜிப்சம்தான் முதல் இறங்கும் என்று சொன்ன பெண்ணா இதை எடுத்தாள்? அன்று அவள் சொன்னது அவளுடைய தொழில். உப்பைப் பற்றி யார் என்ன சொல்லியிருந்தாலும் அப்படித்தான் திருத்தியிருப்பாள். கதை அவள் காதில் ஏறவேயில்லை. கிரகம் என்று ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். மற்ற எல்லோரையும் போலத்தான். அவனிடம் ஏற்கெனவே அப்படி வந்த நான்கு ரொக்கெட் கோப்பைகள் இருந்தன.

"உம்மா, வீட்டுல வாழைப்பழம் இரிக்கா?"

அக்கீலா லாம்பின் பாட்டை நிறுத்தினார். "விசரா உனக்கு? சீனி வாங்கி வச்சிரிக்கன்."

"யோசிக்கணும், உம்மா."

"லாம்பு பிடிக்கல்லயெண்டு பொம்புளய வேணாமெண்டு சொன்ன ஆள இந்தக் கரையில நான் கண்டதில்ல!"

பக்கத்து வீட்டுப் பெண்கள் சங்கடம் தெரியாமலிருக்க வட்டிலப்பத்தில் கை வைத்தார்கள். கிண்ணத்தைத் தூக்கியதும் அடியில் தங்கக் கலர்க் கட்டை ஒன்று தெரிந்தது. அதன் மேலே வழிந்த வட்டிலப்பப் பாகு ஒரு வட்டமாகக் காய்ந்திருந்தது.

"இது என்ன, செங்கல்லா?" அக்கீலா மூலையைக் கிழித்தார். தங்கக் கலர்த் தாள், அடியில் மண்ணிறத் தாள், அதற்கும் அடியில் பாதி அட்டை. "பாருங்க, பழைய புத்தகத்துக்கு மேல சாப்பாட வச்சு அனுப்பியிரிக்கிறாங்க! பெருநாள் தட்டுல பழசு! இதுக்கு என்ன கருத்து?"

ரிஃபாஸ் அதை அவர் கையிலிருந்து வாங்கினான். பிறகு ஜன்னலில் தொங்கிய சாரத்தை இழுத்துப் போட்டுவிட்டு, வெளிச்சத்தில் நின்றான்.

நாற்பத்தோராம் பக்கத்தில் முதலாவது பென்சில் குறிப்பு இருந்தது. "இங்கேயும் ஜிப்சம் மேலே. மூன்றாம் பாகத்திலும் திருந்தவில்லை." தொண்ணூறாம் பக்கத்தில்: "இந்தப் பாத்திக்கு மடை எங்கே? தண்ணீர் எப்படி வந்தது?" இருநூற்றுச் சொச்சத்தில், ஒரு பத்தி முழுவதற்கும் பக்கத்தில் கோடு இழுத்து, "இது நல்லாயிருக்கிறது" என்று மட்டும். முந்நூற்றேழில்: "இவர் எங்கள் உப்பளத்துக்கு வேலைக்கு வந்திருந்தால் முதல் நாள் பகலுக்கு முன்னமே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்."

அவன் சத்தமாகச் சிரித்தான். ஒரு பெண் பயந்து கரண்டியைக் கீழே போட்டாள்.

"உம்மா, சீனி எத்தின கிலோ வாங்கினீங்க?"

பெருநாள் கழிந்து நான்காம் நாள் நூஹு ஒரு ஓட்டோவில் தட்டைத் தானே கொண்டுவந்தார். பளீலாவுக்கு ஒரு சாரி, பிஸ்கட், நடுவிலே மூன்று கிலோ சீனி. மூலையில் கழுவிய வட்டிலப்பக் கிண்ணம், அதே தங்கக் கலர்க் கட்டைக்கு மேலே. கிழிந்த மூலை ஒட்டுப்போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

சீனியைக் கண்டதும் பளீலா கண்ணைத் துடைத்தார். முத்தலிபு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் சொன்னன்தானே. லாம்பு வேல செஞ்சிரிக்கி. எப்பிடி, நூஹு நானா, லாம்பு?"

நூஹு பொய் சொல்லிப் பழகாதவர். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு யோசித்தார்.

"அந்த வானத்துக்குக் கீழ வள்ளம் விட்டா வீடு வந்து சேர ஏலாது, ஹாஜியார்."

"அப்பிடியொரு வானம்!" என்று முத்தலிபு தங்கையின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? கடல்ல போறவரே சொல்றார். கூர முழுக்க அடிக்கும் அது." உடனே போனை எடுத்து, மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த ஒரு சிநேகிதருக்கு அந்த லாம்பையே சிபாரிசு செய்யத் தொடங்கினார்.

றிஸ்மினா கிண்ணத்தையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அறைக் கதவைச் சாத்தி, தாளைப் பிரித்தாள். சில பக்கங்களில் பாகு ஊறி ஒட்டிய தடம் இருந்தது; அவற்றை யாரோ நீராவியில் பிடித்து மெதுவாகப் பிரித்திருந்தார்கள். அவளுடைய பென்சில் குறிப்புகளுக்குக் கீழே நீலப் பேனாவில் எழுத்து. நாற்பத்தோராம் பக்கத்தில் ஆசிரியரின் வரி வெட்டப்பட்டு, "அடியில் ஜிப்சம், மேலே உப்பு" என்று திருத்தி எழுதப்பட்டிருந்தது. "இது நல்லாயிருக்கிறது" என்பதற்குக் கீழே: "எனக்கும்." நூற்று எழுபத்திரண்டாம் பக்கத்தில், தண்ணீர் இவ்வளவு குறைந்த சூட்டில் கொதிக்காது என்று அவள் குறித்திருந்ததற்குக் கீழே: "இங்கே நீங்கள் பிழை. அந்தக் கிரகத்தில் காற்று ஐதானது, அழுத்தம் குறைவு. தண்ணீர் எண்பது பாகையில் கொதிக்கலாம். யோசித்துப் பாருங்கள்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். அவன் சொன்னது சரி. முகம் சூடேறியது. அவளுடைய பிழையை அப்படி ஒருவன் இதுவரை பிடித்ததில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. "லாம்பு யாருடைய தெரிவு? பதில் அவசியம்."

முன்னறையில் மாமாவின் குரல் கேட்டது. "பெட்டிய ஒருக்கா அழுத்திப் பாருங்க, அமுங்காது…" றிஸ்மினா பென்சிலைச் சீவி, நீல எழுத்துக்குக் கீழே எழுதினாள். "லாம்பு மாமாவின் தெரிவு. மாமா என் தெரிவு அல்ல. 172இல் நீங்கள் சொன்னது சரி."

நூஹு புறப்பட எழுந்தபோது அவள் தங்கக் கலர்க் கட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "இது உங்கட வீட்டுச் சாமான். கிண்ணத்துக்கு அடியில இரிந்தது."

நூஹு அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். வாங்கித் தன் பைக்குள் வைத்தார்.

"அந்தக் கட்டய எங்க கொண்டு போறீங்க?" என்றார் முத்தலிபு, போனைக் காதிலிருந்து எடுத்து.

"எங்கட வீட்டுலயும் கிண்ணமெல்லாம் பள்ளத்துலதான் கிடக்கு, ஹாஜியார்."

முத்தலிபு அதைக் கவனமாக யோசித்தார். "அதுக்கு ஏன் நீங்க கட்ட வச்சிக் கஸ்டப்படுறீங்க?" என்றார். "வாற பெருநாளுக்கு நல்ல உயரமான கிண்ணமா நானே பாத்து எடுத்துத் தாரன்."